டான்யூப் கரையில் அறுபது ஜோடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஊர் வந்து சேர்ந்து பத்து நாள் ஆகிறது. அன்றைக்கு சாயங்காலம் உங்கள் புடாபெஸ்டில், டான்யூப் ஆற்றங்கரையிலிருந்து இரண்டாம் நம்பர் டிராமில் திரும்பும்போது நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கால் வலியா என்று இரண்டு தடவை கேட்டாய். வலி ஒன்றும் இல்லை. அந்த ஷூக்கள்தான்.

ஆம்பூரில் முப்பத்தோரு வருஷம் ஷூ கம்பெனியில் இருந்தவன் நான். யாரைப் பார்த்தாலும் கண் முதலில் காலுக்குத்தான் போகும். பார்லிமென்ட் கட்டடத்தைத் தாண்டி அந்தக் கற்கரையைப் பார்த்ததும், யாரோ கழற்றி வைத்துவிட்டு ஆற்றில் இறங்கியிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். கிட்டே போய்க் குனிந்தால் இரும்பு. துருவேறி, கரைக்கல்லோடு சேர்த்துப் பதித்திருந்தது. ஆனால் செய்தவருக்குத் தோல் என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது. விரல் மடங்குகிற இடத்தில் சுருக்கம், தளர்ந்த நாடா, அமுங்கிப்போன குதிகால். என் கண்ணுக்குப் புது ஷூ ஒன்றுகூடப் படவில்லை. எல்லாம் யாரோ நடந்து நடந்து தேய்த்தவை. ஹீல் வைத்த பெண்கள் ஷூ, உழைப்பாளியின் பூட்ஸ், நடுவில் ஒரு குழந்தையுடையது. அதை என் கையால் அளந்து பார்த்தேன். ஒரு சாணுக்கும் குறைவு. உள்ளே யாரோ கூழாங்கல் போட்டிருந்தார்கள். யூதர்கள் கல்லறையில் பூவுக்குப் பதில் கல் வைப்பார்கள் என்று நீதான் சொன்னாய்.

ஜான் தோகாய் என்ற திரைப்பட இயக்குநரின் யோசனையாம், டியூலா பவுவர் என்ற சிற்பியோடு சேர்ந்து செய்தாராம். அந்தக் கரையில் சுட்டுக் கொல்லப்பட்ட யூதர்களின் நினைவாக 2005 ஏப்ரல் 16 அன்று வைத்திருக்கிறார்கள்.

ஊருக்கு வந்த பிறகு அந்த வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தேன். 1944 மார்ச்சில் ஜெர்மன் படை ஹங்கேரிக்குள் வந்தது. மே நடுவிலிருந்து இரண்டு மாதத்துக்குள் வெளியூர்களிலிருந்து நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களை ரயிலில் ஏற்றிவிட்டார்கள், பெரும்பாலும் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு. தலைநகரத்து யூதர்கள் பலர் மிஞ்சினார்கள். அக்டோபர் 15-ல் ஹங்கேரியின் நாஜிக் கட்சியான சாலாஷியின் அம்புச்சிலுவைக் கட்சி ஆட்சியைப் பிடித்தது. அப்புறம் அந்தக் குளிர்காலத்தில்தான் இந்தக் கரைக்கு ஆட்களை நடத்திக்கொண்டு வந்திருக்கிறார்கள். சுட்டவர்கள் ஹங்கேரிக்காரர்கள் பாப்பா. ஒரே பாஷை பேசுகிறவர்கள். அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

சுடுவதற்கு முன் ஷூவைக் கழற்றச் சொல்லியிருக்கிறார்கள். ஏன் என்று நீ கேட்டபோது எனக்குத் தெரிந்தும் சொல்லவில்லை. போர்க்காலத்தில் தோல் கிடைக்காது. நல்ல ஷூவுக்கு விலை உண்டு. ஆளை ஆற்றில் தள்ளிவிட்டு ஷூவை எடுத்துக்கொண்டார்கள். நான் வாழ்நாள் முழுக்கச் செய்த பொருள் ஓர் உயிரைவிடப் பெரிதாக இருந்திருக்கிறது.

காப்பாற்றியவர்களும் இருந்தார்கள். ஸ்வீடன் தூதரகத்து வாலன்பெர்க், ஸ்விட்சர்லாந்தின் கார்ல் லுட்ஸ் இருவரும் பாதுகாப்புக் கடிதம் கொடுத்து, தங்க வீடு கொடுத்து ஆயிரக்கணக்கானவர்களைப் பிழைக்க வைத்தார்கள். 1945 ஜனவரி 18-ல் ரஷ்யப் படை ஆற்றின் கிழக்கே இருக்கும் பெஸ்ட் பக்கம் முழுவதையும் பிடித்தது. அதே ஜனவரியில் அந்தப் படை வாலன்பெர்க்கைக் கொண்டுபோனது. அவர் திரும்பவே இல்லை.

நம் பக்கம் கல்யாணமோ சாவோ, வாசலில் செருப்பு குவிந்து கிடக்கும். எத்தனை பேர் வந்தாலும் கிளம்பும்போது அவரவர் செருப்பை அவரவர் கால் கண்டுபிடித்துவிடும். அந்தக் கரையில் நின்றபோது அதுதான் ஞாபகம் வந்தது. டிராமில் வாய் திறந்திருந்தால் அழுதிருப்பேன்.

ஆபீஸ் போகிற வழிதானே. இந்த வாரம் ஒருநாள் இறங்கி, அந்தச் சின்ன ஜோடியில் எனக்காக ஒரு கல் வைத்துவிட்டு வா.

அப்புறம், உன் பழுப்பு ஷூவைக் கவனித்தேன். வலது குதிகால் வெளிப்பக்கம் நன்றாகத் தேய்ந்திருக்கிறது. உன் அம்மா நடையேதான் உனக்கும். அதைத் தூக்கிப் போடாதே. பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கொண்டு வா, நானே ஹீல் மாற்றித் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா