ரத்தப் பிரிவு பார்த்தால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

'ஓ பாசிட்டிவ்வா, ஏ நெகட்டிவ்வா' என்று பார்த்து ஏற்றினால் போதும் என்றே பலரும் நினைக்கிறார்கள். ரத்த வங்கி ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை உள்ள குழந்தைகளுக்கு அது போதவே போதாது. இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொள்ளும் அவர்கள் உடலில் கெல், கிட் போன்ற ஆன்டிஜென்களுக்கு (சிவப்பணுவின் மேல் இருக்கும் அடையாளப் பொருள்கள்) எதிராக ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம், உருவாகலாம்.

அதைக் கண்டுபிடிக்கும் கூம்ப்ஸ் சோதனை 1945-லேயே வந்துவிட்டது. ஆன்டிஜென் விவரம் தெரிந்த ஓ பிரிவுச் சிவப்பணுக்களை நோயாளியின் சீரத்தோடு (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) கலந்து 37 டிகிரி செல்சியஸில் வைக்கிறோம். அப்புறம் சலைனில் மூன்று முறையாவது கழுவி, ஆன்டிபாடி படிந்த அணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் கூம்ப்ஸ் சீரம் சேர்த்துச் சுழற்றி, குழாயை மெல்லத் தட்டி, அணுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கழுவியது சரியில்லை என்றால், இருக்கிற ஆன்டிபாடியும் இல்லாததுபோல் காட்டும். குழாய்க்குப் பதில் ஜெல் நிரப்பிய 'ஜெல் கார்டில்' சோதித்தால் இந்தக் கழுவும் வேலையே கிடையாது. ஒட்டிக்கொண்ட அணுக்கள் மேலேயே நின்றுவிடும், ஒட்டாதவை அடியில் போய்ச் சேரும்.

கிட் ஆன்டிபாடிதான் பொல்லாதது. நாளடைவில் அளவு குறைந்து சோதனையில் சிக்காமல் போய்விடும். மறுபடி அதே ஆன்டிஜென் உள்ள ரத்தம் ஏறினால், சில நாட்களில் ஏற்றிய அணுக்கள் அழிந்து மஞ்சள் காமாலை, ஹீமோகுளோபின் சரிவு. ஆகவே, ஒருமுறை கண்டுபிடித்த ஆன்டிபாடியை அட்டையில் எழுதிப் பெற்றோர் கையில் கொடுத்தாக வேண்டும்.

சோதனைக்கான அணுக்கள் சில வாரங்களே தாங்கும்; சின்ன ரத்த வங்கிகளால் வாங்கி வைக்க முடிவதில்லை. மாவட்டத்துக்கு ஒரு மையத்திலாவது இந்தச் சோதனையை இலவசமாகச் செய்ய மக்கள் நல்வாழ்வுத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

- ஆய்வக நுட்புநர், மதுரை