திடலைத் திருப்பித் தரும் நாளையும் அறிவியுங்கள்

விளையாட்டுப் போட்டிகளை நடத்தும் அமைப்பின் பொறுப்பாளர்களுக்கும், அவர்களுக்குத் திடலை ஒதுக்கித் தரும் உள்ளாட்சி மன்றத்தினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம்.

அடுத்த பருவத்துக்கான இளையோர் காற்பந்துப் போட்டியையும் எங்கள் திடலிலேயே நடத்த விண்ணப்பிக்கப் போவதாகச் சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட அறிவிப்பைப் படித்தேன். எத்தனை அணிகள் வரும், அவற்றுக்கு எத்தனை விடுதி அறைகள் தேவைப்படும், விளையாட்டுச் சுற்றுலாவால் உள்ளூர் வணிகம் எவ்வாறு பெருகும் என்பதையெல்லாம் அதில் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். சென்ற போட்டிக்காகப் பெற்றுக்கொண்ட திடலை எங்கள் பிள்ளைகளிடம் எப்போது திருப்பித் தரப்போகிறீர்கள் என்பதைப் பற்றி மட்டும் அதில் ஒரு வரியும் இல்லை. மூன்று நாள் போட்டி முடிந்து ஐந்து மாதங்கள் கடந்துவிட்டன. ஒரு வாரத்தில் திறந்துவிடுவதாகச் சொல்லப்பட்ட வாயிற்கதவு இன்னும் பூட்டியே இருக்கிறது. இதைக் குறித்து இருமுறை கடிதம் எழுதி, ஒருமுறை நேரிலும் வந்து கேட்டுவிட்டதால், நடந்ததை மீண்டும் முதலிலிருந்து சொல்லி உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள விரும்பவில்லை.

என் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான். போட்டி தொடங்கும் நாளை அறிவிக்கும் அதே அறிவிப்பில், திடலைப் பழைய நிலையில் திருப்பித் தரும் நாளையும், அதற்கான செலவை ஏற்பவர் யார் என்பதையும் எழுத்தில் தாருங்கள்.

எங்கள் ஊரில் போட்டி நடப்பதை நான் எதிர்க்கவில்லை. பத்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறுவர் சிறுமியருக்கு ஊதியமின்றித் தடகளப் பயிற்சி அளித்து வருபவன் என்ற முறையில், தன் வயதொத்த வெளியூர்ப் பிள்ளை ஒருவர் நன்றாக ஓடுவதை நேரில் பார்ப்பது ஒரு குழந்தைக்கு எவ்வளவு பெரிய தூண்டுதல் என்பதை அறிவேன். சென்ற போட்டியின்போது என் மாணவர்கள் குடிநீர் எடுத்துக் கொடுத்தார்கள், பந்து பொறுக்கினார்கள், வந்த அணிகளுக்கு வழி காட்டினார்கள். அந்த மூன்று நாளும் அவர்கள் முகத்தில் இருந்த பெருமிதத்தை நான் மறக்கவில்லை. அதன்பின் நடந்ததைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நான் ஒரு வருகைப் பதிவேடு வைத்திருக்கிறேன். போட்டிக்காகத் திடல் மூடப்படுவதற்கு முந்தைய மாலையில் அதில் ஐம்பத்தெட்டுப் பெயர்களுக்கு நேரே குறி இருந்தது. அவர்களுள் இருபத்தாறு பேர் சிறுமியர். திடல் மூடியபின் சாலையோரத்தில் ஓடினோம். வண்டிகளின் விளக்கொளிக்கும் நடைபாதையின் விளிம்புக்கும் நடுவே, ஒருவர் பின் ஒருவராக, எவரும் எவரையும் முந்தக் கூடாது என்ற கட்டளையோடு ஓடினோம். ஓட்டப் பயிற்சியில் முந்தாதே என்று ஒரு பயிற்சியாளன் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியிருந்தால், அது என்ன பயிற்சி என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். முதல் இரண்டு வாரங்களில் சிறுமியரில் பாதிப்பேர் நின்றுவிட்டார்கள். இருட்டும் வேளையில் சாலையோரத்துக்கு மகளை அனுப்ப மாட்டோம் என்று பெற்றோர் சொன்னபோது, அவர்களிடம் எதிர்வாதம் செய்ய என்னிடம் ஒன்றும் இல்லை. நானும் அதையேதான் செய்திருப்பேன். மூன்றாம் மாத முடிவில் பதிவேட்டில் இருபத்திரண்டு பெயர்களே எஞ்சின. அவற்றில் மூன்றுதான் சிறுமியருடையவை. நீளந்தாண்டுதலில் மிகுந்த நம்பிக்கை அளித்துவந்த பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி இப்போது மாலையில் வீட்டிலேயே இருக்கிறாள். அவள் தாண்டிப் பழகிய மணற்குழியின் மீது உங்கள் சரக்கு வண்டிகள் உள்ளே வருவதற்காகப் போடப்பட்ட பலகைகள் இன்றுவரை எடுக்கப்படவில்லை.

இந்த வயதில் ஐந்து மாதம் என்பது சிறிய இடைவெளி அன்று. வளரும் உடல் தன் புதிய உயரத்துக்கும் எடைக்கும் ஏற்ப ஓட்டத்தின் அடியையும் தாண்டும் பலகையை மிதிக்கும் கணக்கையும் ஒவ்வொரு வாரமும் திருத்திக்கொள்ளும் பருவம் அது. பயிற்சியை விட்டவர்கள் திரும்பி வந்தாலும், விட்ட இடத்திலிருந்து தொடங்க முடிவதில்லை; பெரும்பாலோர் திரும்பி வருவதே இல்லை என்பதுதான் என் அனுபவம்.

திடல் ஏன் இன்னும் திறக்கப்படவில்லை என்று கேட்டபோது, புல் தானாக வளர்ந்துவிடும், சற்றுப் பொறுங்கள் என்று உங்கள் அலுவலர் ஒருவர் சொன்னார். அது தானாக வளராது என்பதை மரியாதையோடு தெரிவித்துக்கொள்கிறேன். புல்லின் வேர் உயிர்வாழ மண்ணுக்குள் காற்று தங்கும் நுண்துளைகள் வேண்டும். போட்டியின் இரண்டாம் நாள் பெய்த மழைக்குப் பிறகு, ஊறிக் கிடந்த தரையின் மீது ஜெனரேட்டர் வண்டியையும் மேடைப் பொருள்களை ஏற்றிய லாரிகளையும் ஓட்டினீர்கள். ஈரமண்ணின் மீது அத்தகைய சுமை ஏறும்போது நுண்துளைகள் நசுங்கி மண் இறுகிவிடுகிறது. பிறகு பெய்யும் மழை உள்ளே இறங்காமல் மேலேயே தேங்குகிறது. ஆழத்துக்குச் செல்ல முடியாத வேர் மேல்மட்டத்திலேயே படர்ந்து, வெயில் வந்ததும் கருகிவிடுகிறது. அந்தத் தரையைக் கருவி கொண்டு துளையிட்டு, மணல் கலந்த மண்ணைத் தூவி, புதிதாக விதைத்து, வேர் பிடிக்கும்வரை சில வாரங்கள் எவரும் மிதிக்காமல் காக்க வேண்டும். சுமையைப் பரப்பித் தாங்கும் பலகைகளை வண்டிப்பாதை முழுவதும் முன்கூட்டியே விரித்திருந்தால் இதில் பெரும்பகுதி தேவைப்பட்டிருக்காது. வாயிலுக்கு அருகில், அதுவும் எங்கள் மணற்குழியின் மீது மட்டும், அவற்றை விரித்துவிட்டு நிறுத்திக்கொண்டீர்கள். ஐந்து மாதமாகத் திடல் பூட்டிக் கிடக்கிறதே தவிர, அதற்குள் ஒரு கைப்பிடி விதையும் விழவில்லை. பிள்ளைகளையும் உள்ளே விடாமல் தரையையும் சீர்செய்யாமல் இருப்பதற்கு என்ன காரணம் என்று என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

போட்டியால் ஊருக்குப் பெரும் வருவாய் கிடைத்தது என்று நீங்கள் சொல்வதையும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வந்த கூட்டம் முழுவதையும் தலைக்கு இவ்வளவு செலவு என்று பெருக்கிச் சொல்லும் தொகை சரியான கணக்காகாது. உள்ளூர்வாசி ஒருவர் போட்டிக்கு வந்து செலவிடும் பணம், வராவிட்டாலும் அதே ஊரில் வேறோர் இடத்தில் செலவாகியிருக்கக் கூடிய பணம்; அது இடம் மாறியதே தவிரப் புதிதாக வந்ததன்று. நெரிசலுக்கு அஞ்சி அந்த நாள்களில் வராமல் போன வழக்கமான பயணிகளின் செலவை அதிலிருந்து கழிக்க வேண்டும். வெளியூர் நிறுவனங்களுக்கு ஒப்பந்தமாகக் கொடுக்கப்பட்ட மேடை, ஒலிபெருக்கி, உணவு ஆகியவற்றின் பணம் வந்த வழியே வெளியேறிவிடுகிறது. இந்தப் போட்டிக்காகவே வந்து, இரவு தங்கி, உள்ளூர்க்காரரிடம் செலவிட்டவர்களின் தொகைதான் உண்மையான வரவு. அந்த வரவுக்கு எதிரே, ஒரு திடல் ஐந்து மாதம் பயன்படாமல் கிடந்ததைச் செலவாக எழுதியிருக்கிறீர்களா என்பதை அறிய விரும்புகிறேன். எழுதியிருந்தால், அந்தக் கணக்கை வெளியிடுவதில் உங்களுக்குத் தயக்கம் இருக்காது என்று நம்புகிறேன்.

போட்டிக்கு முன்பே பிற்காலத்தைத் திட்டமிடுவது நடவாத காரியம் என்று சொல்லிவிட முடியாது. 2012-இல் இலண்டன் ஒலிம்பிக் போட்டிக்காகக் கட்டப்பட்ட நீச்சல் அரங்கில் 17,500 பேர் அமர இடம் இருந்தது. போட்டி முடிந்ததும் இருபுறமும் இருந்த தற்காலிக இருக்கைப் பகுதிகளைக் கழற்றிவிட்டு, பொதுமக்கள் நீந்தும் இடமாக 2014-இல் அதைத் திறந்தார்கள். கழற்ற வேண்டும் என்பது கட்டுவதற்கு முன்பே வரைபடத்தில் இருந்தது. இதற்கு மாறாக, 1976-இல் ஒலிம்பிக் நடத்திய கனடாவின் மான்ட்ரியால் நகரில் அதற்கான கடன் 2006-இல்தான் தீர்ந்தது. 1991-இல் உலகப் பல்கலைக்கழக விளையாட்டுகளை நடத்திய இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரம் அதன் கடனை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செலுத்தியது. அதற்காகக் கட்டிய டான் வேலி தடகள அரங்கமோ கடன் தீர்வதற்கு முன்பே, 2013-இல் மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. அந்த அரங்கில் பயிற்சி பெற்ற ஜெசிகா என்னிஸ் என்ற வீராங்கனை இலண்டன் ஒலிம்பிக்கில் ஹெப்டத்லான் என்னும் ஏழு பிரிவுகள் கொண்ட தடகளப் போட்டியில் தங்கம் வென்று அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. மூடப்பட்ட ஒரு திடலின் முன்னால் பிள்ளைகளோடு நிற்கும் எனக்கு, அந்த நகரத்துப் பயிற்சியாளர்களின் மனநிலையைக் கற்பனை செய்ய வேண்டிய தேவை இல்லை.

இவையெல்லாம் பெருநகரங்களின் கதைகள், நாங்கள் நடத்துவது சிறிய போட்டி என்று நீங்கள் சொல்லக்கூடும். சிறிய ஊர்களிலும் கழகங்களிலும்தான் இன்னும் நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. சுவீடன் நாட்டில் 1922-இல் தொடங்கிய வாசலோப்பெட் என்னும் 90 கிலோமீட்டர் பனிச்சறுக்கு ஓட்டத்தின் உரிமை, அது தொடங்கும் சேலனிலும் முடியும் மோராவிலும் உள்ள இரண்டு உள்ளூர்க் கழகங்களிடமே இருக்கிறது. அதே நாட்டின் கோதன்பர்க் நகரில் 1975 முதல் நடந்துவரும் கோத்தியா கோப்பை இளையோர் காற்பந்துப் போட்டிக்குப் பல நாடுகளிலிருந்தும் அணிகள் வருகின்றன. அவற்றுள் பல பள்ளி வகுப்பறைகளிலேயே படுத்துறங்குகின்றன. அதை நடத்துவது அந்நகரின் ஹேக்கன் காற்பந்துக் கழகம். போட்டியை நடத்துபவர்களே மறுநாள் அதே திடலில் தங்கள் பிள்ளைகளோடு நிற்க வேண்டியவர்களாக இருக்கும்போது, திடலைத் திருப்பித் தரும் நாளை எவரும் கடிதம் எழுதிக் கேட்க வேண்டியிருக்காது. நீங்கள் மூன்று நாளில் புறப்பட்டுவிடுகிறீர்கள். எங்களுக்கு வேறு திடல் இல்லை. ஆகவேதான் அந்த நாளை எழுத்தில் கேட்கிறேன்.

மனத்தில் உள்ள இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் அறிவிப்புகளில் 'சமூகம்' என்ற சொல் பத்திக்குப் பத்தி வருகிறது. தொடக்க விழாவில் அணிவகுத்து நிற்க எங்கள் பிள்ளைகள் வேண்டும். மூன்று நாளும் வெயிலில் நின்று பணிபுரியத் தன்னார்வலர்களாக எங்கள் ஊர் இளைஞர்கள் வேண்டும். திட்டமிடும் கூட்டத்தில் மட்டும் திடலைப் பயன்படுத்துபவர்களில் ஒருவருக்குக்கூட இடமில்லை. போட்டிக்காக உடை மாற்றும் அறைகளுக்கும் கழிப்பறைகளுக்கும் புதிதாக வண்ணம் பூசி, தண்ணீர்க் குழாய்களையும் பழுதுபார்த்தீர்கள். பல ஆண்டுகளாக நாங்கள் கேட்டுக் கிடைக்காத அந்த வசதிகள், விருந்தினர் வருகிறார்கள் என்றதும் இரண்டே வாரத்தில் கிடைத்தன. அவர்கள் போனதும் அவற்றுக்கும் பூட்டு விழுந்துவிட்டது. வெளியூர்ப் பிள்ளைகளுக்குத் தூய்மையான கழிப்பறை வேண்டும் என்று உணர்ந்த உங்களுக்கு, நாள்தோறும் அங்கே வரும் பிள்ளைகளுக்கும் அது வேண்டும் என்பது ஏன் தோன்றவில்லை என்ற கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. சுற்றுலாப் பயணிக்குக் காட்டுவதற்காக மட்டும் ஊரைச் சீர்செய்தால், அங்கே வாழ்பவர்கள் தம் ஊரிலேயே விருந்தினராகிவிடுகிறார்கள்.

கேட்க வந்ததை விட்டுச் சற்று விலகிவிட்டேன், பொறுத்தருள வேண்டுகிறேன். அடுத்த போட்டிக்கான விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன், பின்வருவனவற்றைக் கனிவோடு கருத்தில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். திடலைத் திருப்பித் தரும் நாள் ஒப்பந்தத்திலும் பொது அறிவிப்பிலும் இடம்பெற வேண்டும். தரையைச் சீர்செய்வதற்கான தொகையைப் போட்டி தொடங்கும் முன்பே தனிக்கணக்கில் வைப்பாகச் செலுத்த வேண்டும். குறித்த நாளில் திடல் திறக்கப்படாவிட்டால் உள்ளாட்சி மன்றம் அந்தத் தொகையைக் கொண்டு தானே பணியைத் தொடங்க வேண்டும். திடல் மூடியிருக்கும் நாள்களில் பிள்ளைகள் பயிற்சி பெற, விளக்கு வசதியுள்ள மாற்று இடம் ஒன்றை ஒதுக்க வேண்டும். சாலையோரம் மாற்று இடமாகாது. போட்டிக்கு முன்னும் பின்னும் தரையைப் பார்வையிடும்போது, அங்கே நாள்தோறும் பயிற்சி அளிப்பவர்களில் ஒருவரையாவது உடன் அழைத்துச் செல்ல வேண்டும்.

இவற்றுள் எதுவும் போட்டியை நடத்தவிடாமல் தடுக்கக்கூடியதன்று. இவற்றை ஏற்றுக்கொண்டு நீங்கள் வருவீர்களாயின், குடிநீர் எடுத்துக் கொடுக்கவும் வழி காட்டவும் என் மாணவர்களோடு நானே வாயிலில் நிற்பேன்.

அதற்கு முன்பாக, சென்ற போட்டிக்கான நாள் இன்னும் நிலுவையில் இருக்கிறது. தரையைச் சீர்செய்யும் பணி எப்போது தொடங்கும், கதவு எந்த நாளில் திறக்கும் என்பதை எழுத்தில் தெரிவிக்குமாறு மிகப் பணிவோடு வேண்டுகிறேன். மணற்குழியின் மீதுள்ள பலகைகளை எடுப்பதற்கு மட்டும் எந்த ஒப்பந்தமும் தேவையில்லை. அனுமதி தந்தால் இன்று மாலையே பெற்றோர்களோடு வந்து நாங்களே எடுத்து ஓரமாக அடுக்கி வைத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் மறுமொழியை எதிர்நோக்கும்
தடகளப் பயிற்சியாளர் ஒருவர்