டெல்லிக்கு வர ஏற்ற மாதம்

அன்புள்ள சேதுராமனுக்கு,

அக்காவையும் அழைத்துக்கொண்டு நவம்பரில் இங்கு வரலாமா என்று கேட்டிருந்தாய். அவருக்கு ஆஸ்துமா இருப்பதால் வேண்டாம் என்றே சொல்வேன்.

டெல்லியின் வாகனங்களும் கட்டுமானப் புழுதியும் சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளும் ஆண்டு முழுவதும்தான் காற்றைக் கெடுக்கின்றன. பருவத்துக்குப் பருவம் பெரிதும் மாறுவது, அந்தப் புகை பரவுவதற்குக் கிடைக்கும் இடம். மே மாதப் பகலில் தரையோடு சூடேறும் காற்று இரண்டு கிலோமீட்டருக்கும் மேலே எழும்பிக் கலந்துவிடுகிறது. குளிர்கால இரவிலோ தரை விரைவாகக் குளிர்ந்து, அதை ஒட்டிய காற்று கனத்துக் கீழேயே தங்கிவிட, அதற்கு மேல் சற்று வெதுவெதுப்பான காற்று மூடிபோல் கவிந்துகொள்வதால், நகரத்துப் புகை முழுவதும் சில நூறு மீட்டர் உயரத்துக்குள் அடைபடுகிறது. காற்றின் வேகமும் அப்போது குறைந்துவிடும். பனிமூட்டத்தின் ஈரத்தில் புகையிலுள்ள வாயுக்களே வினைபுரிந்து புதிய நுண்துகள்களாகவும் மாறும். சென்னையில் கடற்காற்று இருந்தும், 2018 போகியன்று விடியற்காலைப் புகை கலையாமல் நின்று விமானங்களையே தடுத்தது உனக்கு நினைவிருக்கும்; இங்கே அந்தக் கடற்காற்றும் கிடையாது.

பஞ்சாப், ஹரியானா விவசாயிகள் நெல் அறுத்த தாளை எரிப்பதே எல்லாவற்றுக்கும் காரணம் என்று இங்கே பலர் பேசுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. நிலத்தடி நீரைக் காப்பதற்காக 2009-இல் அவ்விரு மாநிலங்களும் இயற்றிய சட்டங்கள் நடவை ஜூன் மாதத்துக்குத் தள்ளின. அதனால் அறுவடையும் தள்ளிப்போய், கோதுமை விதைப்புக்கு முன் வயலைக் காலி செய்யும் அவசரம், காற்று அடங்கும் அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் வந்து விழுகிறது. அந்த வாரங்களில் வடமேற்குக் காற்று அப்புகையைச் சுமந்து வருவது உண்மைதான். ஆனால் வயல் தீ அணைந்த பிறகு டிசம்பரிலும் ஜனவரியிலும் மூச்சு முட்டுகிறதே, அது முக்கியமாக எங்கள் சொந்தப் புகையும் குளிர் காய மூட்டும் தீயும் அல்லவா?

பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள் ஒரு கன மீட்டருக்கு 24 மணி நேரச் சராசரியாக 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு வரையறை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் 15 என்று சொன்னது. நவம்பரில் இங்கே 300-ஐத் தாண்டும் நாள்களும் உண்டு. மே, ஜூனில் ராஜஸ்தான் பக்கமிருந்து வரும் புழுதிப் புயலும் தொல்லைதான். எனினும் அதில் பெருந்துகளே மிகுதி. நுரையீரலின் ஆழம்வரை இறங்குவது குளிர்காலப் புகையிலுள்ள நுண்துகள்.

மழை பெய்யும் ஜூலை முதல் செப்டம்பர் வரைதான் காற்று மிகத் தூய்மை. ஆனால் அந்தப் புழுக்கத்தில் அக்காவால் ஊர் சுற்ற முடியாது. ஆகவே மார்ச் முதல் இரண்டு வாரங்களில் வாருங்கள். வெயில் ஏறி, காற்றும் ஓரளவு வீசத் தொடங்கியிருக்கும். குடியரசுத் தலைவர் மாளிகையின் அமிர்த உத்யானம் வழக்கமாகப் பூத்திருக்கும் காலமும் அதுவே. அக்காவின் இன்ஹேலரை மட்டும் மறக்காமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளச் சொல். ரயில் டிக்கெட் எடுத்ததும் தேதியை எழுது. நிலையத்துக்கு நானே வருகிறேன்.

அன்புடன்,
வைத்தி