ஆயில் ஊற்றினால் ஸ்டியரிங் சரியாகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

படகு பராமரிப்பு பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், ஹைட்ராலிக் ஸ்டியரிங் (ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் ஸ்டியரிங்) லூசாகிப் போனால் ஆயிலை நிரப்பிக்கொண்டு கிளம்பிவிடலாம், அந்த ஆயில் கைவசம் இல்லாவிட்டால் பிரேக் ஆயிலைக்கூட ஊற்றலாம் என்று எழுதியிருக்கிறார்கள். முதலில் சொன்னது அரைகுறை, இரண்டாவது முழுத் தப்பு. யாராவது அதை நம்பிச் செய்து பார்ப்பதற்குள் இந்தக் கடிதத்தைப் போட்டுவிட்டால் நல்லது.

பிரேக் ஆயில் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஸ்டியரிங்கில் இருக்கும் ரப்பர் சீல்கள் மினரல் ஆயிலுக்கு என்று செய்யப்பட்டவை. சாதாரண பிரேக் ஆயில் கிளைக்கால் என்ற வேறு ரசாயன வகை, அது பட்டால் அந்த சீல்கள் ஊதிப்போய்க் கெட்டுவிடும். ஊற்றிய அன்று நன்றாகத்தான் இருக்கும், அதனால்தான் இப்படி ஒரு யோசனை கை மாறிக் கை மாறிப் போய்க்கொண்டே இருக்கிறது. ஸ்டியரிங் தயாரித்தவர்கள் கையேட்டில் சொல்லும் ஆயிலை மட்டும் ஊற்றுங்கள். பெரும்பாலும் அது ஐஎஸ்ஓ 15 தரத்தில் மெல்லிசான ஹைட்ராலிக் ஆயிலாக இருக்கும்.

இப்போது ஆயில் குறைவதற்கு வருவோம். ஸ்டியரிங் ஆயில் டீசல் மாதிரி எரிந்து தீரும் பொருள் இல்லை. வீலுக்குப் பின்னால் இருக்கும் ஹெல்ம் பம்ப், அங்கிருந்து போகும் ஹோஸ்கள், என்ஜின் பக்கம் இருக்கும் சிலிண்டர், எல்லாம் சேர்ந்து மூடிய ஒரு சுற்று. அதில் ஆயில் குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது, ஆயில் போன இடத்தில் காற்று வந்து உட்கார்ந்திருக்கிறது. காற்றை அமுக்கலாம், ஆயிலை அமுக்க முடியாது, அதனால் நாம் வீலைத் திருப்பும் திருப்பில் பாதி அந்தக் காற்றை அமுக்குவதற்கே போய்விடும், என்ஜின் தாமதமாகத்தான் திரும்பும். மேலே ஆயிலை ஊற்றுவதால் இந்தக் காற்று எங்கேயும் போகாது.

கசிவைக் கண்டுபிடிக்க, சிலிண்டரின் இரண்டு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் ராடை, அதாவது உலோகத் தண்டை, துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு வீலை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை சில தடவை திருப்புங்கள். ராடு வெளியே வரும்போது அதன் மேல் ஆயில் வளையமாகத் தெரிந்தால் முனை சீல் போய்விட்டது. சீலை மாற்றுவதற்கு முன் ராடின் மேல் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள், உப்பு தின்ற குழி ஏதாவது நகத்தில் தட்டினால் புது சீலையும் அது சீக்கிரமே கிழித்துவிடும், அப்போது ராடையும் சேர்த்து மாற்றுவதுதான் வழி. ஓட்டுகிறவர் காலில் ஆயில் சொட்டினால் அநேகமாக ஹெல்ம் ஷாஃப்ட் சீல். மிச்சம் ஹோஸ் இணைப்புகள். அங்கே டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள், அதன் துணுக்கு உள்ளே போய் வால்வில் மாட்டிக்கொள்ளும்; திரவ சீலண்ட் போதும்.

கசிவை நிறுத்தின பிறகுதான் ஏர் எடுக்க வேண்டும், அதாவது உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும், இதற்கு இரண்டு பேர் இருந்தால் சுலபம். ஹெல்ம் பம்பின் ஆயில் துளையில் ஆயில் பாட்டிலைக் குழாயோடு தலைகீழாக மாட்டி, பாட்டிலின் அடியில் (இப்போது அதுதான் மேல்பக்கம்) ஒரு ஓட்டை போட்டுவிடுங்கள். வேலை முடியும்வரை பாட்டில் காலியாகவே கூடாது, ஒரு நிமிஷம் கவனிக்காமல் விட்டால் பம்ப் காற்றை இழுத்துக்கொள்ளும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். சரி, வீலை வலது பக்கம் திருப்பி ராடை வலது கோடிக்குக் கொண்டுபோங்கள். சிலிண்டரின் வலது நிப்பிளில் (காற்றை வெளியே விடுவதற்கான சின்னத் திருகு) ஒரு குழாயை மாட்டி, மறுமுனையை ஒரு டப்பாவில் விட்டுவிட்டு நிப்பிளைத் திறங்கள். இப்போது ஒருவர் ராடை நகரவிடாமல் பிடித்துக்கொள்ள, மற்றவர் வீலை மெதுவாக இடது பக்கம் திருப்ப வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்தப் பிடித்துக்கொள்ளும் இடத்தில்தான். ராடை விட்டுவிட்டால் ஆயில் நிப்பிள் வழியாக வராமல் பிஸ்டனைத் தள்ளிக்கொண்டு போய்விடும், காற்று சிலிண்டருக்குள்ளேயே தங்கிவிடும். முதலில் காற்றும் நுரையுமாக வரும், அப்புறம் ஆயில் மட்டும் ஒரே சீராக வரும். அப்போது வீலைத் திருப்புவதை நிறுத்தாமலேயே நிப்பிளை மூடிவிட்டு, ராடை இடது கோடிக்குப் போகவிட்டு, அந்தப் பக்கமும் இதையே செய்யுங்கள். இரண்டு இடத்தில் வீலும் ஹெல்ம் பம்பும் உள்ள படகில் உயரத்தில் இருப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

டப்பாவில் விழுந்த ஆயிலைத் திரும்ப ஊற்ற வேண்டாம், பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். அதைத் தயவுசெய்து தண்ணீரில் கொட்டாதீர்கள்.

ஏர் முழுக்கப் போய்விட்டதா என்று பார்க்க, பாட்டிலைக் கழற்றிவிட்டு வீலைக் கோடிவரை திருப்பி, அதற்கு மேலும் பலமாக அழுத்திக்கொண்டே ஹெல்ம் துளையில் ஆயில் மட்டத்தைக் கவனியுங்கள். மட்டம் இறங்கினால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. மட்டம் அசையவில்லை, வெளியே கசிவும் இல்லை, ஆனாலும் கோடிக்குப் போன வீல் நிற்காமல் சுற்றிக்கொண்டே போகிறது என்றால் ஹெல்முக்குள் இருக்கும் செக் வால்வில் (ஆயிலைத் திரும்பி வரவிடாமல் தடுப்பது) தூசி மாட்டியிருக்கலாம், இல்லை பிஸ்டன் சீல் போயிருக்கலாம். ஹெல்ம் பம்பைப் பிரிப்பது படகில் உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை, கழற்றி மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் பக்கத்தில் இடம் குறைவு என்றால் இதில் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், பிரேக் ஆயில் பத்தியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்