தலைவர் இல்லை என்று சொல்லும் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

தோழர்களே,

"எங்களுக்குத் தலைவர் கிடையாது" என்று நம் பதாகைகளில் பெரிதாக எழுதியிருக்கிறோம். எனக்கும் அது பிடிக்கும். ஒருவரைக் கைது செய்தாலோ விலைக்கு வாங்கினாலோ இயக்கம் படுத்துவிடாது. ஆனால் வாட்ஸ்அப் குழுக்களுக்கு அட்மின் யார்? நன்கொடைக் கணக்கில் கையெழுத்துப் போடுவது யார்? தொலைக்காட்சிக்காரர்கள் யாருக்கு போன் செய்கிறார்கள்? எல்லாவற்றுக்கும் பதில் உங்களில் அதே ஏழெட்டுப் பேர்தான். நீங்கள் தூக்கம் கெட்டு உழைப்பவர்கள், உங்கள் நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் யாரும் தேர்ந்தெடுக்காத ஒருவரை இறக்குவதற்கும் வழி கிடையாதே.

அதைவிடப் பெரிய தலைவலி, பெயர் யாருடையது என்பது. அமெரிக்காவில் அரசின் செலவையும் வரியையும் எதிர்த்து 2009இல் கிளம்பிய வலதுசாரி இயக்கமான டீ பார்ட்டியின் அரசியல் எனக்கு ஒத்துவராது, அது வேறு விஷயம். அந்த இயக்கத்தில் ஊருக்கு ஊர் தனிக் குழு, தேசிய அளவில் ஒன்றோடொன்று போட்டி போடும் அமைப்புகள். 2010 ஜூலையில், அந்த அமைப்புகளில் ஒன்றான டீ பார்ட்டி எக்ஸ்பிரஸின் செய்தித் தொடர்பாளர் மார்க் வில்லியம்ஸ், கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் கிண்டல் கடிதம் ஒன்றை எழுதினார். குழுக்கள் பல சேர்ந்த தேசிய டீ பார்ட்டி கூட்டமைப்பு அவரையும் அவருடைய அமைப்பையும் சேர்த்தே வெளியேற்றியது. அப்புறம்? 2011 செப்டம்பரில் அதே டீ பார்ட்டி எக்ஸ்பிரஸ், அதே பெயரோடு, சிஎன்என் உடன் சேர்ந்து குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் விவாதத்தையே நடத்தியது! வெளியேற்றும் அதிகாரத்தை அந்தக் கூட்டமைப்புக்கு யார் கொடுத்தது என்று கேட்டால் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பதில் இல்லை. நாளை நம் கொடியைப் பிடித்துக்கொண்டு ஒருவன் வெறுப்பைக் கக்கினால் நமக்கும் இதே கதிதான்.

பேச ஆள் இல்லாமல் போவதும் ஆபத்து. பிரான்சில் 2018 நவம்பரில், எரிபொருள் வரி உயர்வை எதிர்த்துத் தெருவுக்கு வந்த மஞ்சள் சட்டைக்காரர்கள் சார்பில் எட்டுப் பேர் அறிவிக்கப்பட்டதும், "இவர்கள் யார் எங்களுக்காகப் பேச?" என்று இயக்கத்துக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது. அந்த மாதக் கடைசியில் பிரதமரைப் பார்க்கப் போன ஒருவர், சந்திப்பை நேரலையில் காட்ட அரசுத் தரப்பு மறுத்ததால் பாதியிலேயே வெளியே வந்துவிட்டார். ஹாங்காங்கில் 2019இல் அரசை எதிர்த்துப் போராடியவர்களைத் தலைவரே இல்லாமல் ஒட்ட வைத்தது ஐந்து கோரிக்கைகள். யார் மேடை ஏறினாலும் அந்த ஐந்தையே சொன்னார்கள். அவர்கள் போராட்டம் வென்றதா என்பது வேறு கேள்வி, ஆனால் தாங்கள் யார் என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை.

தலைவரை உட்கார வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. கணக்கும் கடவுச்சொல்லும் யார் யார் கையில் இருக்கின்றன என்று எல்லாக் குழுக்களுக்கும் தெரியப்படுத்துங்கள். அந்தப் பொறுப்புகளுக்குக் காலக்கெடு வையுங்கள். பேசப் போகிறவர் எதைப் பேசலாம், எதில் தானாக முடிவெடுக்கக் கூடாது என்பதை முன்பே எழுதிக் கையில் கொடுங்கள். ஒரு குழுவை நம்முடையதல்ல என்று அறிவிக்க எத்தனை ஊர்களின் ஒப்புதல் வேண்டும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள், சண்டை வந்த பிறகு அது முடியாது. அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை முதல் பொருளாக வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தோழமையுடன்,
உங்களில் ஒருவர்