புள்ளிக் கணக்கு சொன்னீர்கள், நாள் கணக்கை யார் சொல்வது?

பினாங்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஹோட்டல் மண்டபம் பிடித்து கனடா, ஆஸ்திரேலியா குடியேற்ற விளக்கக் கூட்டம் நடத்தும் ஆலோசகர்களுக்கு,

வணக்கம். நான் பாயான் லெப்பாஸில் சிப் சோதனைப் பிரிவில் வேலை பார்ப்பவன், வீடு பட்டர்வொர்த்தில். உங்களைப் போன்ற ஒருவர் நடத்திய கூட்டத்தில் கறிபாப் சாப்பிட்டுக்கொண்டே கனடாவுக்குப் பெயர் கொடுத்தேன். அவர் யார், எந்த நிறுவனம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

அந்தக் கூட்டத்தில், யாருக்கு இடம் கிடைக்கும் என்று தீர்மானிக்கும் புள்ளிக் கணக்கு பிரமாதமாக இருந்தது. வயது 20 முதல் 29 வரை என்றால் முழுப் புள்ளி, முப்பதிலிருந்து வருடா வருடம் குறையும், 45 ஆனால் பூஜ்யம். ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் அரை மதிப்பெண் கூடினால் எவ்வளவு ஏறும், மனைவியின் படிப்புக்கு என்ன கிடைக்கும், எல்லாம் திரையில் ஓடியது. கடைசியில் ஒருவர் எழுந்து, "பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) கிடைத்த பிறகு உடனே போக வேண்டுமா?" என்று கேட்டார். "அட்டை ஐந்து வருடம் செல்லும், நிதானமாகப் போங்கள்" என்று பதில் வந்தது. அந்த ஒரு வரிதான் என்னைக் கவிழ்த்தது.

அட்டை ஐந்து வருடம் செல்லும் என்பது சரி, ஆனால் அந்த ஐந்து வருடத்துக்குள் 730 நாள் கனடா மண்ணில் இருந்திருக்க வேண்டும். தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை, விமானம் இறங்கிய நாளும் கிளம்பிய நாளும்கூடக் கணக்கில் சேரும். முதல் ஐந்து வருடம் முடிந்ததும் கணக்கு தீர்ந்துவிடுவதில்லை, அப்புறம் எந்த நாளில் சோதித்தாலும் அதற்கு முந்தைய ஐந்து வருடத்தைப் பார்ப்பார்கள். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிடம்.

2018 செப்டம்பரில் டொரொண்டோவில் இறங்கி 19 நாள் இருந்துவிட்டு, இங்கே கையிலிருந்த வேலையை முடிக்கத் திரும்பினேன். 2019 ஜூலையில் வேலையை விட்டுவிட்டுப் போனேன். 2020 பிப்ரவரியில் அப்பாவுக்குப் பக்கவாதம் என்று போன் வந்தது, வந்துவிட்டேன். மார்ச் 18-ல் கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. அதன் பிறகு அப்பாவைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, திருப்பிப் படுக்கவைத்து இரண்டரை வருடம் போனதே தெரியவில்லை.

அவர் காரியமெல்லாம் முடிந்த பிறகு, 2022 ஆகஸ்டில் ஒரு ராத்திரி, சமையலறை மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கடப்பிதழைப் புரட்டினால் ஒன்றும் இல்லை, நம் ஆட்களுக்குத் தானியங்கி வாயிலில் முத்திரையே விழாதே. பழைய டிக்கெட் மின்னஞ்சல்களைத் தேடி எடுத்து, மளிகைக்கடை கொடுத்த நாள்காட்டியின் பின்பக்கம் எழுதிக் கூட்டினேன். 237 நாள். இன்னும் 493 வேண்டும். 2023 செப்டம்பரோடு ஐந்து வருடம் முடியும், அப்படியென்றால் 2022 மே முதல் வாரத்துக்குள் நான் விமானம் ஏறியிருக்க வேண்டும். மே மாதம் நான் மருத்துவமனையில் சக்கர நாற்காலி தள்ளிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்னய்யா, சீட்டுக் கணக்கா?" என்றார்.

அந்த ஆலோசகரைக் கூப்பிட்டேன். கனடாவில் இருக்கும் சொந்தக்காரர் பெயரில் ஒரு கம்பெனி பதிந்து, அதில் நான் வேலை பார்ப்பதாகக் காட்டலாம் என்றார். கனடா நிறுவனம் முழுநேர ஊழியரை வெளிநாட்டுக்கு அனுப்பினால் அந்த நாட்கள் சேரும் என்பது உண்மைதான், ஆனால் நாள் கணக்கை ஒப்பேற்றவே தொடங்கிய கம்பெனி செல்லாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. மாறாக, படுக்கையில் கிடந்த தகப்பனைப் பார்த்துக்கொண்டது போன்ற மனிதாபிமானக் காரணங்களை அதிகாரிகள் பரிசீலிக்க வேண்டும் என்பதும், வெளிநாட்டு விசா அலுவலகம் மறுத்தால் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பதும் அவர் வாயிலிருந்து வரவே இல்லை. நானாகப் படித்துத் தெரிந்துகொண்டபோது அம்மா தனியாள், எனக்கும் போகும் எண்ணம் விட்டுப்போயிருந்தது. 2023-ல் நானே எழுதிக் கொடுத்து பிஆரை விட்டுவிட்டேன்.

இதில் நீங்கள் யோசிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கும் நாட்டுக்காரர் 1,095 நாள் இருந்துவிட்டு கனடாக் குடியுரிமை வாங்கிக்கொள்வார், அவருக்கு நாள் கணக்கு அதோடு முடிந்தது. நமக்கு அப்படியா? வேறு நாட்டுக் குடியுரிமையை நாமாக எடுத்தால் அரசியலமைப்பின் 24-வது பிரிவின்படி மலேசியக் குடியுரிமையைப் பறிக்கலாம். சிவப்புக் கடப்பிதழை விட மனமில்லாதவன் ஆயுசுக்கும் நாள் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இதை மலேசியர்களுக்கென்று தனியாக எடுத்துச் சொன்ன ஒரு கூட்டத்தைக்கூட நான் பார்க்கவில்லை. போதாததற்கு, "பிஆர் வந்ததும் ஊழியர் சேமநிதியை முழுசாக எடுத்துக்கொள்ளலாம்" என்று வேறு சிலர் சொல்கிறார்கள். நாட்டை விட்டுப் போகிறோம் என்று சேமநிதியை எடுப்பது குடியுரிமையைத் துறப்பவர்களுக்குத்தான். பிஆர் அட்டையைக் காட்டினால் ஒரு வெள்ளிகூட வராது.

ஆஸ்திரேலியாவில் கணக்கு வேறு. உள்ளேயே இருக்கும்வரை பிஆர் காலாவதி ஆகாது, போய்வரும் அனுமதிதான் ஐந்து வருடம். அதற்குப் பிறகு மறுபடி ஐந்து வருட அனுமதி வேண்டுமென்றால் கடைசி ஐந்து வருடத்தில் இரண்டு வருடம் அங்கே இருந்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் நாள் எண்ணுவதில்லை, மறுநுழைவு அனுமதி இல்லாமல் வெளியே இருந்தால் பிஆர் பறிபோகலாம். மகனுக்கும் பிஆர் எடுத்தால் அவன் தேசிய சேவைக்குப் போக வேண்டியிருக்கும், இதை பையன் பிறந்த பிறகு கேள்விப்பட்ட நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார். ஆனாலும் பஸ் ஏறினால் வீடு வந்துவிடலாம் என்பதால் எங்கள் அம்மாவின் ஓட்டு என்றைக்கும் சிங்கப்பூருக்குத்தான்.

போகாதீர்கள் என்று நான் யாரையும் தடுக்கவில்லை. என் தம்பி முறை உள்ள இரண்டு பேர் போய் நன்றாக இருக்கிறார்கள். உங்கள் விண்ணப்பத் தாளில் வயதுக்கு ஒரு கட்டம், படிப்புக்கு ஒரு கட்டம், அனுபவத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அப்பா அம்மாவுக்கு எத்தனை வயது, அடுத்த ஐந்து வருடத்தில் அவர்களை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதற்கும் ஒரு கட்டம் சேருங்கள். அந்தப் பதிலைப் பார்த்துவிட்டு நாட்டைச் சொல்லுங்கள். முன்பணம் வாங்குவது அதற்குப் பிறகு இருக்கட்டும். கனடாவுக்கு ஆலோசனை சொல்லிக் காசு வாங்குகிறவர் அந்நாட்டு ஆலோசகர் கல்லூரியின் (குடியேற்ற ஆலோசகர்களுக்கு உரிமம் தரும் அமைப்பு) உரிமம் பெற்றவராகவோ அந்நாட்டு வழக்கறிஞராகவோ இருக்க வேண்டும், அந்த உரிம எண்ணையும் பதாகையில் போடுங்கள்.

நாள் கணக்குக்கு ஒரு பக்கத் தாள் ஒன்றைத் தமிழில் தயாரித்து வைத்திருக்கிறேன். எந்தத் தேதியில் இறங்கினால் எந்தத் தேதிக்குள் கடைசியாக விமானம் ஏற வேண்டும் என்று அதில் எழுதிப் பார்க்கலாம். அடுத்த கூட்டத்துக்கு ஐம்பது பிரதி எடுத்து வருகிறேன். வாசலில் கறிபாப் தட்டுக்குப் பக்கத்தில் வைக்க இடம் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
237 நாள் இருந்துவிட்டு வந்தவன்,
பட்டர்வொர்த்