பையை அளந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

இலியோஸ்டமி (சிறுகுடலை வயிற்றில் ஒரு துளை வழியே வெளியே திறந்து, கழிவைப் பையில் சேர்க்கும் அறுவை) செய்துகொண்டவர்களுக்கான தமிழ்க் கையேடு அச்சுக்குப் போய்விட்டது. அட்டையில் எங்கள் பெயர் இருக்கிறது. உள்ளே இருப்பதில் பெரும்பங்கு உங்களுடையது.

முதல் நன்றி வார்டு செவிலியர்களுக்கும் ஆயாக்களுக்கும். பை நிறைந்ததும் கொட்டிவிடாமல் அளவுக் குவளையில் ஊற்றி, நேரத்தோடு எழுதிவைத்தீர்கள். "நிறையப் போகுது" என்பதை வைத்து வைத்தியம் பார்க்க முடியாது. நாளுக்கு 1,500 மி.லி. தாண்டினால் எச்சரிக்கை; 2,000-க்கு மேலே நீடித்தால் சிறுநீரகம் அடிவாங்கும். ஒவ்வொரு லிட்டரோடும் ஏறத்தாழ 100 மில்லிமோல் சோடியம், அதாவது 6 கிராம் உப்பு, போய்விடுகிறது.

ஆய்வகத் தோழர்களே, சிறுநீர்ச் சோடியத்தை அலுக்காமல் பார்த்துத் தந்தீர்கள். இரத்தத்தில் சோடியம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். சிறுநீரகம் இருப்பதை இறுக்கிப் பிடித்துவைப்பதே காரணம். சிறுநீரில் சோடியம் லிட்டருக்கு 20 மில்லிமோலுக்குக் கீழே இறங்கியதைக் கண்டால்தான் உடலின் நீர் வறட்சி வெளிப்படும். சிவப்பணு உடைந்த இரத்த மாதிரிகளைத் திருப்பி அனுப்பியதற்கும் நன்றி. அதில் பொட்டாசியம் பொய்யாக ஏறி, உண்மையான குறைவை மறைத்துவிடும்.

பொட்டாசியம் எவ்வளவு ஏற்றினாலும் ஏறவில்லையா? மெக்னீசியத்தைப் பாருங்கள். உப்பும் நீரும் குறைந்தால் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரந்து, சிறுநீரகம் சோடியத்தைக் காக்கப் பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் விட்டுக்கொடுக்கிறது. மெக்னீசியம் குறைந்தால் பொட்டாசிய இழப்பு இன்னும் கூடும், கால்சியமும் சரியும். எனவே முதலில் உப்பும் நீரும், கூடவே மெக்னீசியம். பொட்டாசியம் பெரும்பாலும் பின்னாலேயே வந்துவிடும்.

மருந்தகத்தாருக்குத் தனி நன்றி: குளுக்கோஸ் 20 கிராம், உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம் என்று எடைபோட்டுப் பொட்டலம் கட்டியதற்கு. ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து அன்றன்றே குடித்துத் தீர்க்க வேண்டும். வீட்டுக் கரண்டிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. குடலின் ஓட்டத்தைக் குறைக்கும் லோபரமைடு மருந்து முழுசாகப் பைக்குள் வந்து விழுந்தால் கேப்சூலைத் திறந்து கலந்து கொடுக்கலாம் என்ற குறிப்பும் உங்களுடையதுதான். சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் கொடுக்க வேண்டும்.

குடும்பத்தாரே, தாகத்தில் தவிப்பவரிடம் சொம்பை நீட்டாமலிருப்பது சுலபமில்லை. ஆனால் வெறும் தண்ணீரும் டீயும் மேல்சிறுகுடலை அடைந்ததும், அதைச் சமன்செய்ய இரத்தத்திலிருந்து சோடியம் குடலுக்குள் கசிகிறது. நீரும் கூடவே போகிறது. குடிக்கக் குடிக்கப் பை நிறையும். இளநீரும் உதவாது, பொட்டாசியம் அதிகம், சோடியம் சொற்பம். கரைசலைக் குளிரவைத்து ஸ்ட்ராவால் உறிஞ்சினால் கரிப்பு தெரியாது என்று கண்டுபிடித்தவர்கள் நீங்கள். (சிறுகுடல் பெருங்குடலோடு இணைந்தே இருப்பவர்களுக்கு இந்தத் தண்ணீர்க் கட்டுப்பாடு பெரும்பாலும் வேண்டியதில்லை.)

அறுவை அரங்கக் குறிப்பில் வெட்டி எடுத்த குடலின் நீளத்தோடு மிச்சமுள்ள நீளத்தையும் எழுதிய மருத்துவர்களுக்கு வணக்கம். சிறுகுடல் ஆளுக்கு ஆள் 3 மீட்டரிலிருந்து 8 மீட்டர் வரை இருக்கும். எடுத்த அளவை மட்டும் வைத்து எதைச் சொல்ல? கடைசிப் பகுதியில் 60 செ.மீ.க்கு மேல் போயிருந்தால் பி12 ஊசி ஆயுள் முழுக்கத் தேவைப்படும். கல்லீரல் சேமிப்பு தீர வருடங்கள் ஆவதால், குறைபாடு தெரியும்போது எல்லோரும் அறுவையையே மறந்திருப்பார்கள்.

கைப்பிரதியில் "மின்பகுபொருள்" என்ற சொல்லைச் சுழித்து, "இது எங்க ஆத்தாவுக்குப் புரியாது" என்று ஓரத்தில் எழுதியவருக்கும் நன்றி. "உப்புச் சத்துகள்" என்று மாற்றிவிட்டோம்.

அன்புடன்,
கையேட்டுக் குழுவினர்